மலிவான கைத்துப்பாக்கியும் கடலோரக் காற்றும்

இந்தியாவில் விலை மலிவான வெளிநாட்டுக் கைத்துப்பாக்கி என்று பேசத் தொடங்கினால், பேச்சு விரைவிலேயே காற்றுத் துப்பாக்கியில் வந்து நிற்கும். வெடிமருந்தால் இயங்கும் வெளிநாட்டுக் கைத்துப்பாக்கியைத் தனிமனிதர் வரவழைத்துக்கொள்ளும் வழி 1980களின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ அடைபட்டிருப்பதால், அதற்கு முன்பே வந்து சேர்ந்த பழைய துப்பாக்கிகள் உரிமம் பெற்றவர்களிடையே இலட்சக்கணக்கான ரூபாய்க்குக் கைமாறுகின்றன. அது கிடைப்பதற்கு அரிது என்பதால் ஏறிய விலையே தவிர, தரத்தால் ஏறிய விலை அன்று. அழுத்தப்பட்ட காற்றைக் கொண்டு சிறு ஈயக் குண்டை உந்தித் தள்ளும் காற்றுக் கைத்துப்பாக்கியின் நிலை வேறு. குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டரையும், குழலை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலையும் தாண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. (100 கிராம் எடையை ஒரு மீட்டர் உயரத்திற்குத் தூக்கச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ ஒரு ஜூல்.) சீனா, துருக்கி, ரஷ்யா, செக் குடியரசு ஆகிய நாடுகளில் செய்யப்படும் மலிவான காற்றுக் கைத்துப்பாக்கிகளின் தரத்தை எடைபோடும் கேள்வி, ஆகவே, விளையாட்டைச் சார்ந்த கேள்வியாகிறது.

சென்னையின் தென்புறத்திற்குத் துப்பாக்கி புதிதன்று. பரங்கிமலையில் இராணுவ அதிகாரிகள் பயிற்சியகமும், வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் தமிழ்நாடு காவல் உயர் பயிற்சியகமும் உள்ளன. ஆயினும் அவை சீருடை அணிந்தவர்களின் உலகம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் மனு பாக்கர் வெண்கலம் வென்ற பிறகு தாம்பரத்திலோ மேடவாக்கத்திலோ ஒரு பள்ளி மாணவி வீட்டில் துப்பாக்கி கேட்டால், பெற்றோரின் முன் நிற்பது பணக் கணக்கு. ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, இத்தாலி ஆகிய நாடுகளில் செய்யப்படும் போட்டித் தரத் துப்பாக்கி இங்கு வந்து சேரும்போது ஒரு இலட்சம் ரூபாயைக் கடந்துவிடுகிறது. அதில் ஒரு சிறு பங்கு விலைக்குக் கிடைக்கும் துப்பாக்கி எதை விட்டுக்கொடுத்து அந்த விலைக்கு வந்தது என்பதை அறிந்துகொள்வது வாங்குபவரின் உரிமை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மின்விசிறி வாங்குபவர்கூட ஓடவிட்டுப் பார்த்துத்தான் காசு கொடுக்கிறார்.

பெசன்ட் நகர் கடற்கரையில் பலூன் சுட்டுப் பழகிய கைக்கு இந்த வேறுபாடு எளிதில் புலப்படாது. அங்கே மூன்று, நான்கு மீட்டர் தொலைவில் தொங்கும் பலூனின் குறுக்களவு 15 சென்டிமீட்டருக்குக் குறையாது. எந்தத் துப்பாக்கியும் அங்கே நல்ல துப்பாக்கிதான். போட்டி இலக்கிலோ பத்துப் புள்ளிக்கான வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர் மட்டுமே. 4.5 மில்லிமீட்டர் குண்டின் விளிம்பு அந்த வட்டத்தைத் தொட்டாலே பத்துப் புள்ளி கிடைத்துவிடும் என்பதால், குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து எத்திசையிலும் 8 மில்லிமீட்டருக்குள் விழவேண்டும் என்று கணக்கு முடிகிறது. ஒரு துப்பாக்கியின் ஒவ்வொரு குறையையும் இந்த 8 மில்லிமீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தால், எது பெரிய குறை, எது பொருட்படுத்தத் தேவையற்றது என்பது தெளிவாகும்.

விளம்பரங்கள் முதலில் சொல்வது வேகத்தை. நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டு 10 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 67 மில்லிநொடி ஆகிறது. அதற்குள் புவியீர்ப்பு அதை 22 மில்லிமீட்டர் கீழே இழுத்துவிடுகிறது. வேகம் 140 மீட்டராகக் குறைந்தால் இறக்கம் 25 மில்லிமீட்டராகும். அதாவது, ஒரு சூட்டுக்கும் மறு சூட்டுக்கும் இடையே வேகம் 10 மீட்டர் மாறினாலும், அது போட்டித் துப்பாக்கியில் பார்க்க முடியாத அளவுக்குப் பெரிய மாற்றமே என்றாலும், குண்டு விழும் இடம் 3 மில்லிமீட்டர்தான் நகர்கிறது. வேகத்தின் அளவோ இலக்கின் மேல் ஏறத்தாழ எந்த வேலையும் செய்வதில்லை, ஏனெனில் இறக்கம் மாறாமல் இருக்கும்வரை, குறிபார்க்க உதவும் குறிமுள்ளைத் திருகி அதை ஈடுகட்டிவிடலாம். அட்டைப் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படும் வேகம் பெரும்பாலும் மிக இலேசான உலோகக் கலவைக் குண்டை வைத்து அளந்த எண் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த எண்ணுக்காக ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதும் வீண்.

குறிமுள்ளின் கதை இதற்கு நேர்மாறானது. குழலின் முன்முனையில் உள்ள முன்குறியையும் பின்புறம் உள்ள பள்ளக் குறியையும் ஒரே கோட்டில் நிறுத்திச் சுடுவதே கைத்துப்பாக்கிச் சூட்டின் அடிப்படை. இவ்விரண்டுக்கும் இடைத்தொலைவு 35 சென்டிமீட்டராக இருக்கும் ஒரு துப்பாக்கியில் பின்குறி 0.3 மில்லிமீட்டர் தளர்ந்து ஆடினால், 10 மீட்டரில் அந்தப் பிழை 8.6 மில்லிமீட்டராகப் பெருகிவிடுகிறது. ஒரு பத்து அங்கேயே போய்விட்டது. மலிவான பல துப்பாக்கிகளில் இடைத்தொலைவு 25 சென்டிமீட்டர் அளவே இருப்பதால் அதே தளர்ச்சி 12 மில்லிமீட்டர் பிழையாகிறது. மூன்று நான்கு தாள்களை ஒன்றாக அடுக்கினால் வரும் தடிமன்தான் இந்த 0.3 மில்லிமீட்டர். கடையில் துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் பின்குறியை விரல்நுனியால் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பார்ப்பது எந்தக் கருவியும் வேண்டாத சோதனை, ஆனால் அதைச் செய்பவர் சிலரே.

அதற்கும் மேலான இடம் விசைக்கு, அதாவது டிரிகருக்கு உண்டு. பன்னாட்டு விதிப்படி 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கியின் எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது. விசையை விடுவிக்க வேண்டிய பாரம் 500 கிராமுக்குக் குறையக் கூடாது. ஒரு கிலோ எடையுள்ள கருவியை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்திருக்கும் ஒருவர் அரைக் கிலோ பாரத்தோடு விரலை இழுக்கும்போது, அந்த இழுப்பு நேர் பின்னோக்கி வராமல் சற்றே பக்கம் சாய்ந்தால் குழல் அசைந்துவிடும். உண்மையான கைத்துப்பாக்கியின் தோற்றத்தைப் போலச் செய்த மலிவான மாதிரிகளில் இந்தப் பாரம் இரண்டு, மூன்று கிலோவைத் தொடுவதால், துப்பாக்கியின் எடையைவிடப் பெரிய இழுப்பு அதன் மேல் செயல்படுகிறது. குழலின் கோணம் 0.1 பாகை விலகினாலே 10 மீட்டரில் 17 மில்லிமீட்டர் போய்விடும் என்பதால், குழல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பயனில்லாமல் போகிறது. குறைந்த விலையில் முதலில் பலியாவது விசையின் வழவழப்புதான். வாங்குபவர் கடைசியாகக் கவனிப்பதும் அதைத்தான்.

விசையின் பாரத்தை அளக்க ஆய்வகம் தேவையில்லை. சோழிங்கநல்லூர் பால்பண்ணையிலிருந்து வரும் ஆவின் அரை லிட்டர் பால் பாக்கெட்டின் எடை ஏறத்தாழ 515 கிராம், ஏனெனில் பால் நீரைவிடச் சற்றே அடர்ந்தது. குண்டில்லை என்பதை இருமுறை உறுதிசெய்து, சுடும் பொறியை ஏற்றி, குழல் வானை நோக்கிச் செங்குத்தாக இருக்கும்படி துப்பாக்கியைப் பிடித்து, அந்தப் பாக்கெட்டை மெல்லிய துணிப்பையிலிட்டு விசையின் நடுவில் தொங்கவிட்டுத் தூக்கும்போது விசை விடுபடாமல் தாங்கினால் போட்டி விதி கேட்கும் குறைந்த அளவு பாரமாவது இருக்கிறது என்று பொருள். போட்டி நடுவர்களும் இதே முறையில்தான் எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்க்கிறார்கள். ஒரு பாக்கெட்டுக்கு அசையாமல் இரண்டு, மூன்று, நான்கு என்று கேட்கும் விசை, தொடக்க நிலை மாணவியின் விரலுக்குத் தவறான பழக்கத்தையே கற்றுக்கொடுக்கும்.

இனி, கடலோரத்துக்கே உரிய சிக்கல். மலிவான இறக்குமதிகளில் ஒரு பெரும் பிரிவு, 12 கிராம் கரியமில வாயுவை நீர்ம நிலையில் அடைத்த சிறு குப்பியால் இயங்குபவை. நீர்மமும் ஆவியும் சேர்ந்திருக்கும் குப்பியில் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே: 20 டிகிரி செல்சியசில் அது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 57 மடங்கு, 30 டிகிரியில் 71 மடங்கு. 31 டிகிரியில் கரியமில வாயு தன் மாறுநிலை வெப்பநிலையை எட்டிவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் அது நீர்மமாக நிற்காது, குப்பிக்குள் அழுத்தம் இன்னும் விரைவாக ஏறும். ஐரோப்பாவின் மிதமான அறை வெப்பத்தை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்ட ஒரு துப்பாக்கி, மே மாதத்தில் மீனம்பாக்கம் வானிலை நிலையம் 40 டிகிரியைப் பதிவுசெய்யும் பிற்பகலில், தாம்பரத்தில் ஓட்டுக்கூரையின் கீழ் இருக்கும் ஒரு கூடத்தில் என்ன செய்யும்? உள்ளழுத்தம் மிகுந்து, சுத்தியல் அடித்தும் வால்வு முழுமையாகத் திறக்காமல் குண்டின் வேகம் குறையலாம். அடுத்தடுத்துச் சுட்டால், வாயு விரிவடையும்போது வெப்பத்தை உறிஞ்சிக் குப்பி குளிர்ந்து அழுத்தம் சட்டென்று இறங்கும். சென்னையில் இந்த வகையை மலிவு என்று கருதுவது தவறு.

உருளையில் காற்றை முன்கூட்டியே ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்து வைத்துக்கொள்ளும் வகையில் வெப்பத்தின் தொல்லை குறைவு, ஈரத்தின் தொல்லை அதிகம். 30 டிகிரி வெப்பத்தில் 80 விழுக்காடு ஈரப்பதம் கொண்ட ஒரு கனமீட்டர் காற்றில் 24 கிராம் நீராவி உள்ளது. 100 மில்லிலிட்டர் உருளையைக் கைப்பம்பால் நிரப்பும்போது 20 லிட்டர் காற்று உள்ளே தள்ளப்படுகிறது. அதிலுள்ள அரைக் கிராம் நீர், அழுத்தம் கூடக் கூட ஆவியாக நிற்க இடமின்றித் துளிகளாகிறது. பத்துச் சொட்டு நீர் என்பது கேட்பதற்குச் சிறிதுதான். பம்பிலுள்ள ஈரம்பிடிப்பான் அதில் ஒரு பங்கை நிறுத்திவிடும் என்பதும் உண்மை. எனினும் வாரம் சில முறை என்று ஓராண்டு நிரப்பினால் எஃகு வால்வில் துரு ஏற அது போதும். நிறம் மாறும் சிலிக்கா மணிகளை ஈரம்பிடிப்பானில் அவ்வப்போது மாற்றுவதும், முடிந்தால் உலர்ந்த காற்றை அடைத்துத் தரும், நீரில் மூழ்குவோருக்கான காற்றுருளை நிலையத்தில் நிரப்பிக்கொள்வதும் இங்கே ஆடம்பரம் அல்ல.

இவ்விரு தொல்லையும் இல்லாத மூன்றாவது வகை ஒன்று உண்டு. அடிப்புற நெம்புகோலை ஒருமுறை திறந்து மூடினால் ஒரு சூட்டுக்கான காற்று அங்கேயே அழுத்தப்பட்டுவிடும். ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் நகரில் செய்யப்பட்ட இஷ்-46எம் இந்த வகையில் உலகெங்கும் அறியப்பட்ட சிக்கனத் துப்பாக்கி. ஒவ்வொரு சூட்டிலும் ஒரே கனஅளவு காற்று ஒரே அளவுக்கு அழுத்தப்படுவதால் வேகம் தானாகவே சீராகிறது; உருளையும் இல்லை, குப்பியும் இல்லை. 60 சூட்டுப் போட்டியில் 60 முறை நெம்ப வேண்டும் என்பதால் சிறுவர்க்குக் கை சோரும். அந்த ஒரு குறையைப் பொறுத்துக்கொள்ள முடிந்தவருக்கு, குறைந்த பணத்தில் நிறைந்த மதிப்பு இந்த வடிவமைப்பில்தான் இருக்கிறது.

சுட்டுப் பார்க்கும் சோதனையில் ஒரு புள்ளியியல் பொறி மறைந்திருக்கிறது. ஐந்து குண்டுகள் நெருக்கமாக விழுந்த அட்டையைக் காட்டி விற்பவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அதே துப்பாக்கி அடுத்த ஐந்தில் தற்செயலாகவே அதைவிடக் கணிசமாகப் பரந்த தொகுதியைத் தரக்கூடும். துப்பாக்கியை மணல் பைகளின் மேல் தாங்கவைத்து, பத்துப் பத்தாக மூன்று முறையேனும் சுட்டு, மிக மோசமான தொகுதியையும் கணக்கில் சேர்த்தால்தான் உண்மை தெரியும். உடுக்கையைப் போல இடை சிறுத்த பெல்லட் எனப்படும் ஈயக் குண்டும் இந்தச் சோதனையில் ஒரு பங்காளி. அதன் தலை விட்டம் 4.49, 4.50 என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் சில குழல்களுக்குப் பிடிக்கும், சிலவற்றுக்குப் பிடிக்காது. மட்டமான பெல்லட்டைக் கொண்டு துப்பாக்கியைப் பழித்துவிடக் கூடாது. குழல்வாயின் விளிம்பைப் பஞ்சால் சுற்றித் துடைத்து, பஞ்சிழை எங்கேனும் சிக்குகிறதா என்று பார்ப்பதும் நல்லது. சிக்கும் இடத்தில் கடைசல் பிசிறு இருக்கிறது, வெளியேறும் குண்டை அது ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் தட்டிவிடும்.

வீட்டிலுள்ள தையல் இயந்திர எண்ணெயைக் காற்று அறைக்குள் விடுவது பலர் செய்யும் தவறு. சட்டென்று அழுத்தப்படும் காற்று சூடேறி, டீசல் எஞ்சினில் நடப்பதைப் போலவே அந்த எண்ணெயைப் பற்றவைத்துவிடக்கூடும். ஓரிங் எனப்படும் ரப்பர் வளையங்களும் அதில் ஊறிப் பதம் கெடும். அந்தத் துப்பாக்கிக்கு உரிய சிலிக்கோன் மசகே போதும். ஆற்றலைக் கூட்டுவதற்காக உள்ளே கைவைப்பது சட்டத்தின் எல்லையைத் தாண்டும் செயலாகிவிடக்கூடும். கூட்டாத நிலையிலேயே, அரைக் கிராம் குண்டு நொடிக்கு 150 மீட்டரில் சுமக்கும் ஏறத்தாழ 6 ஜூல் ஒரு கண்ணைப் பறிக்கப் போதுமானது என்பதால், துப்பாக்கி வாங்கும் வீட்டில் பூட்டுள்ள பெட்டியும் கண்களைக் காக்கும் கண்ணாடியும் அதே நாளில் வாங்கப்பட வேண்டும்.

விலையுயர்ந்ததும் பழுதாகும். 2021 ஜூலை 25 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச்சுற்றின் நடுவே மனு பாக்கரின் துப்பாக்கி பழுதாகி, விலைமதிப்பற்ற நிமிடங்கள் கழிந்து, அவர் 575 புள்ளிகளோடு 12ஆம் இடத்தில் நின்றார். துப்பாக்கி பழுதாகும்போது உதிரிப்பாகமும் அதைப் பொருத்தத் தெரிந்த கையும் எவ்வளவு அருகில் இருக்கின்றன என்பதே அதன் மதிப்பில் பாதி. முகம் தெரியாத நிறுவனத்தின் புதிய மலிவுத் துப்பாக்கியைவிட, ஒரு சங்கத்தில் பலர் வைத்திருக்கும் மாதிரியின் பழைய துப்பாக்கி இதனால்தான் நல்ல பேரமாகிறது. ஆனால் பழையதை வாங்குபவர் முதலில் படிக்க வேண்டியது காற்றுருளையின் மேல் பொறிக்கப்பட்டுள்ள தேதியை: பத்தாண்டுக்குள் காலாவதியாகும் அந்த உருளை, தேதி கடந்துவிட்டால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் போட்டிக்கு ஏற்கப்படாது, புதியது கடல் கடந்து வரவேண்டும். கேட்ட விலையோடு அந்த உருளையின் விலையையும், ஒரு பொட்டலம் ஓரிங்கின் விலையையும் கூட்டினால் வருவதுதான் அந்தத் துப்பாக்கியின் உண்மையான விலை.