அவுரி இலையில் மருந்து உருவாகும் விதம்

சாத்தூர் வட்டாரத்துச் சங்கங்களுக்கு ஆய்வுக்காகச் செல்லும்போதெல்லாம், அவுரி பயிரிடும் அங்கத்தினர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரே கரிசல், ஒரே மழை, ஒரே விதை. அடுத்தடுத்த இரண்டு புன்செய்களில் விளைந்த இலை, எடையும் ஒன்றே. ஆயினும் வியாபாரி ஒன்றுக்கு ஒரு விலையும், மற்றொன்றுக்கு அதனினும் குறைந்த விலையும் சொல்லுகிறார். இது வியாபாரியின் தந்திரமா, அல்லது இலையிலேயே வேற்றுமை இருக்கிறதா? இரண்டும் இருக்கக்கூடும் என்பதே நமது விடை. தந்திரம் எது என்று கண்டுகொள்ள வேண்டுமானால், வேற்றுமை எதில் இருக்கிறது என்பதை முன்னதாக அறிந்திருக்க வேண்டும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். அவுரி என்றதும் நம் நெசவாளர் அங்கத்தினர்களுக்கு நீலச்சாயம் தரும் செடி நினைவுக்கு வரும். அதுவும் அவுரிதான், நீலி என்றும் அதனைச் சொல்வர். ஆனால் நம் கரிசல் விவசாயிகள் அவுரி என்று மூட்டை கட்டி விற்பது வேறொரு செடி. சித்த மருத்துவர்கள் அதனை நிலாவாரை என்பர். தாவர நூலார் சென்னா அலெக்ஸாண்ட்ரினா என்பர். இரண்டும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதைத் தவிர வேறு ஒற்றுமை அதிகமில்லை. ஒன்று நூலுக்கு நீலம் ஏற்றும்; மற்றொன்று மலச்சிக்கலை நீக்கும். தலைச்சாயத்துக்கென்று அவுரிப் பொடி கேட்பவருக்குப் பேதி மருந்து போய்ச் சேராதிருக்க வேண்டுமானால், சங்கப் பொட்டலத்தில் நிலாவாரை என்றே அச்சிடுவது நலம். இக்கட்டுரையிலும் இனி அவ்வாறே குறிப்பிடுவோம்.

இச்செடியின் தாயகம் அரபு நாடும் சோமாலியாவும் சேர்ந்த வறண்ட பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹியூஸ் என்ற ஆங்கிலேயர் திருநெல்வேலிச் சீமையில் இதனைப் பயிரிட்டு ஏற்றுமதி செய்ததாகப் பழைய மருந்து நூல்கள் கூறுகின்றன. அன்று முதல் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாடு சென்ற இலைக்கு ‘டின்னவெல்லி சென்னா’ என்ற வணிகப் பெயர் நிலைத்தது. சாத்தூரில் விளைந்தாலும், கோவில்பட்டியில் விளைந்தாலும், ஜெர்மனியில் மருந்து செய்வோருக்கு அது ‘டின்னவெல்லி’தான். வைப்பாற்றங்கரை விவசாயியின் பெயர் அந்த மூட்டையில் எங்கும் இல்லை என்பது ஒரு புறம் இருக்கட்டும்.

அந்த மருந்து செய்வோர் இலையை இலைக்காக வாங்குவதில்லை. அதனுள் இருக்கும் சென்னோசைடு என்ற இரசாயனப் பொருளுக்காகவே வாங்குகிறார்கள். 1941-இல் ஸ்விட்சர்லாந்தின் பேசல் நகரில், சாண்டோஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ஸ்டோல் என்ற விஞ்ஞானியும் அவருடைய துணைவர்களும் இதனைத் தனியே பிரித்தெடுத்தனர். நல்ல இலையில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு முதல் மூன்று பங்கு வரை இவ்வகைப் பொருள்கள் இருக்கும். பிரிட்டிஷ் மருந்து நூல் இலைக்கு 2.5 விழுக்காடு என்ற அளவை நெடுங்காலம் விதித்து வந்தது. கணக்கைப் பாருங்கள். 1000 கிலோ உலர்ந்த இலையில் 2.5 விழுக்காடு இருந்தால் 25 கிலோ மருந்துப் பொருள் உண்டு, 1.5 விழுக்காடே இருந்தால் 15 கிலோ. தராசில் இரண்டும் 1000 கிலோதான். அத்தராசு காட்டாத 10 கிலோவில்தான் விலை வேற்றுமை மறைந்திருக்கிறது.

சென்னோசைடு வேலை செய்யும் விதம் வியப்புக்குரியது. அது ஒரு மருந்துப் பொருளின் இரண்டு மூலக்கூறுகள் இணைந்து, இருபுறமும் சர்க்கரை ஒட்டிய அமைப்பு. சர்க்கரை ஒட்டியிருப்பதால் இரைப்பையிலும் சிறுகுடலிலும் அது பெரும்பாலும் மாறுதலின்றிக் கடந்து போகிறது. பெருங்குடலை அடைந்ததும், அங்கு வாழும் நுண்ணுயிர்கள் சர்க்கரையைப் பிரித்து, இணைப்பையும் உடைக்கின்றன. அதன் பிறகே அது குடலைத் தூண்டுகிறது. இதற்கு 6 மணி முதல் 12 மணி வரை நேரம் பிடிக்கும். இரவு படுக்கும்முன் குடித்தால் காலையில் பலன் தரும் என்று பாட்டிமார் சொல்லி வந்ததன் காரணம் இதுவே.

இனி, விவசாயி முக்கியமாகக் கவனிக்க வேண்டிய செய்தி. செடியில் நிற்கும் பச்சை இலையில் சென்னோசைடு மிகக் குறைவு. அங்கு இருப்பவை பெரும்பாலும் தனித்தனி மூலக்கூறுகளே. இலையைப் பறித்து உலர்த்தும்போதுதான், இலையிலுள்ள நொதிகளும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்து அவற்றை இரண்டிரண்டாக இணைக்கின்றன; ஒற்றை இழைகள் இரண்டை முறுக்கி இரட்டை இழையாக்குவது போன்ற வேலை. இவ்விணைப்பு ஏறக்குறைய 20 முதல் 50 பாகை வெப்பத்துக்குள் நடைபெறுகிறது. ஆகவே, மருந்து தொழிற்சாலையில் உண்டாவதற்கு முன்னமேயே உலர்த்தும் களத்தில் உண்டாகிவிடுகிறது. தொழிற்சாலை அதனைப் பிரித்தெடுக்கிறது; அவ்வளவே.

இதை அறிந்தபின், இலையைத் தார்ச்சாலையில் கொட்டி உலர்த்தும் பழக்கத்தை என்னவென்று சொல்வது! நடுப்பகலில் அத்தார் கையை வைக்க முடியாதபடி சுடுகிறது. அந்தச் சூட்டில் நொதி அழிந்துபோகும். இணைப்பு பாதியில் நிற்கும். இலை வெளிறும். வண்டிச் சக்கரத்தில் நொறுங்குவதும், மண்ணும் எண்ணெயும் ஒட்டுவதும் வேறு. இதற்கு மாறாக, ஈரம் காயாத இலையைக் குவித்து வைத்தால் உள்ளே புழுங்கி, சர்க்கரை கழன்று, இணைந்ததும் சிதைந்துவிடும். சர்க்கரை கழன்ற பொருளின் பெரும்பகுதி பெருங்குடலை அடையுமுன்பே உறிஞ்சப்பட்டுவிடுவதால் மருந்துக்கு வலுவில்லை. கறுத்த இலைக்கு வியாபாரி விலையைக் குறைத்தால் அது தந்திரமன்று. நிழலில், காற்றோட்டமான கொட்டகையில், மெல்லிய பரப்பாக விரித்து, நாள்தோறும் புரட்டி, ஏழு முதல் பத்து நாள் உலர்த்த வேண்டும். ஈரம் 10 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கி, இலை மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் நிற்க வேண்டும். காயைத் தனியே உலர்த்துவதே முறை; காய்க்கும் இலைக்கும் வெவ்வேறு அளவுகள் உண்டு.

மேலே ஆக்ஸிஜன் என்று சொன்னோம். இதனைப் பற்றி இப்போது பலவாறு பேசப்படுகிறது. மூலிகைப் பொட்டலங்களில் ‘ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது’ என்று அச்சிடாத வியாபாரி அரிது. சங்கங்களிலும் அவ்வாறு அச்சிட வேண்டும் என்ற யோசனை எழுகிறது. ஆதலால் அச்சொல்லின் பொருளைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு பொருளோடு ஆக்ஸிஜன் சேர்வதையும், அதனை ஒத்த மாறுதல்களையும் ஆக்ஸிஜனேற்றம் என்கிறோம். நம் வட்டாரத்தில் இதனை அறியாத வீடு இல்லை. தீக்குச்சி முனையிலுள்ள பொட்டாசியம் குளோரேட்டின் வேலை, எரிவதற்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தருவதுதான். அவுரிச் சாயத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்த நூல் முதலில் பசுமஞ்சளாக இருந்து, காற்றுப் பட்டதும் நீலமாவதும் ஆக்ஸிஜனேற்றமே. சாத்தூர்க் காராச்சேவு நாட்பட்டால் காறல் வாடை அடிக்கிறதே, அதுவும் எண்ணெயில் ஆக்ஸிஜன் சேர்வதன் பயனே. இம்மாறுதலைத் தாமதப்படுத்தும் பொருளுக்குத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது ஆக்ஸிஜனேற்றத் தடைப்பொருள் என்று பெயர். நல்லெண்ணெய் மற்ற எண்ணெய்கள் பலவற்றினும் காறாமல் நிற்பதற்கு, எள்ளிலுள்ள செசமோலின், செசமால் போன்ற தடைப்பொருள்கள் ஒரு காரணம். கடுக்காயின் துவர்ப்பிலும், மஞ்சளின் நிறத்திலும், முருங்கைக் கீரையிலும் இத்தகைய பொருள்கள் உள்ளன. நிலாவாரை இலையிலும் கெம்ஃபெரால் முதலியவை இருக்கின்றன. பொய்யில்லை. ஆனால் அவற்றுக்காக அவ்விலையை எவரும் வாங்குவதில்லை, வாங்கவும் கூடாது. பேதி மருந்தை ஆரோக்கிய பானமாக நாள்தோறும் குடித்தால் உடலிலுள்ள பொட்டாசியம் குறைந்து, தளர்ச்சியும் இருதயத் துடிப்பில் கோளாறும் உண்டாகலாம்.

ஒரு செடியில் தடைப்பொருள் உண்டென்று கண்டறியும் சோதனை எளிது. டி.பி.பி.எச். என்ற ஊதா நிறப் பொருளின் கரைசலில் இலைச்சாற்றை விட்டால், ஊதா மறைந்து மஞ்சளாகும். எவ்வளவு விரைவில், எவ்வளவு சாற்றில் மறைகிறது என்று அளப்பார்கள். நம் வீட்டுத் தேநீர்ச் சக்கையும் இந்தச் சோதனையில் தேறிவிடும். சோதனைக் குழாயில் நடப்பது உடலிலும் அப்படியே நடக்கும் என்பதற்கு உறுதியில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் பழக்கமுள்ள 29,133 ஆடவர்களைக் கொண்டு ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. தடைப்பொருளாகிய பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று எதிர்பார்த்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு மாத்திரையாகக் கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வெளிவந்தது. மாத்திரை உண்டவர்களிடையே அந்நோய் 18 விழுக்காடு அதிகமாக இருந்தது. கீரையும் பழமும் உண்பது நல்லதே. அதனை எவரும் மறுக்கவில்லை. கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து மாத்திரையாக்கினால் கீரையின் நன்மை முழுவதும் கூடவே வரும் என்று கொள்வதற்குத்தான் ஆதாரமில்லை. சங்கத்தின் பெயர் அச்சாகும் பொட்டலத்தில், காட்ட முடியாத பலனை எழுதுவதை நாம் ஆதரிக்க இயலாது.

நம் பக்கத்தில் பயிராகும் நித்தியகல்யாணியும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர், ஜமைக்காவிலிருந்து வந்த அதன் இலையைச் சர்க்கரை நோய்க்காக ஆராயத் தொடங்கினர். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்தன. அந்த வழியே வின்பிளாஸ்டின் கிடைத்தது. அமெரிக்காவில் எலை லில்லி நிறுவனத்தார் அதே செடியிலிருந்து வின்கிறிஸ்டினையும் கண்டெடுத்தனர். 1960-களிலிருந்து இவை இரத்தப் புற்றுநோய் முதலியவற்றுக்கு மருந்தாகப் பயன்பட்டு வருகின்றன. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறக்குறைய 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். இத்தனை கடுமையான பொருள் அடங்கிய இலையைச் சர்க்கரைக்கென்று வீட்டில் கஷாயம் வைத்துக் குடிக்கும் வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. அதனை விட்டுவிடும்படி அங்கத்தினர்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறோம். விளைவித்து விற்பதற்கு அது நல்ல செடி, அடுப்பங்கரைக்கு உரியதன்று. நிலாவாரையையும் கர்ப்பிணிகளும், சிறு குழந்தைகளும், காரணம் தெரியாத வயிற்றுவலி உள்ளவர்களும் வைத்தியரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது.

களையெடுப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை ஆகிய களைகளில் கல்லீரலைக் கெடுக்கும் நச்சுப்பொருள்கள் உண்டு. அறுப்பின்போது இவை சில செடிகள் கலந்துவிட்டாலும் போதும், மூட்டை முழுதும் சோதனையில் தோற்றுவிடும். மூலிகைத் தேநீர் வகைகளில் இந்நச்சுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் உச்ச வரம்பு விதித்து, 2022 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. வியாபாரி நம்மிடம் ‘சரக்கு திரும்பி வந்துவிட்டது’ என்று சொல்லுவதில் சில வேளை உண்மையும் இருக்கலாம். ஆனால் சான்றைக் காட்டச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு.

தனி ஒரு விவசாயி பத்து மூட்டை இலைக்கு ஆய்வுக்கூடச் செலவு செய்வது கட்டாது. நூறு மூட்டையைச் சேர்த்து வைத்திருக்கும் சங்கத்துக்குக் கட்டும். நிழலில் உலர்த்தியதையும் வெயிலில் உலர்த்தியதையும் ஒன்றாகக் கொட்டாமல், தனித்தனிக் குவியலாகப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். குவியலின் பத்து மூட்டைகளில், மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலும் கைப்பிடி இலை எடுத்து, துணியில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகள் இரண்டை நீக்கி, மறுபடியும் கலந்து பிரிக்க வேண்டும். அரைக் கிலோ அளவுக்கு வந்ததும் இரண்டு உறைகளில் இட்டு, தேதியும் குவியல் எண்ணும் எழுதி, வாங்குபவர் முன்னிலையில் முத்திரை வைக்க வேண்டும். ஓர் உறை அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்குப் போகட்டும். மற்றொன்று, பணம் முழுவதும் வந்து சேரும்வரை, ஈரம் படாமல் சங்கத்தின் பெட்டியிலேயே இருக்கட்டும்.