பெருவடிவ ஒளிப்படவியல்

பெருவடிவ ஒளிப்படவியல் என்பது 4×5 அங்குலம் அல்லது அதனினும் பெரிய படலத் தாள்களில் படமெடுக்கும் முறையாகும். 4×5 தாளில் பதியும் படத்தின் பரப்பு, 35 மி.மீ. படச்சுருளில் பதியும் படத்தைப் போல் ஏறத்தாழ 13 மடங்கு ஆகும். இதனால் நுண்ணிய விவரங்களும் தெளிவாகப் பதிகின்றன. தொடக்க நிலையினருக்கு 4×5 கருவி, 150 மி.மீ. குவியத்தூர வில்லை, உறுதியான முக்காலி ஆகியவை போதுமானவை.

படமெடுக்கும் முறை

முழு இருட்டில், தாங்கியின் இரு பக்கங்களிலும் பக்கத்துக்கு ஒரு தாள் செருகப்படுகிறது. தாளை நெடுக்காகப் பிடிக்கையில் அதன் வெட்டுக்குறி மேல் வலது மூலையில் விரலுக்குத் தட்டுப்பட்டால், ஒளியுணர் பூச்சு பிடித்திருப்பவரை நோக்கியுள்ளது எனப் பொருள்.

படமெடுக்கும்போது முதலில் ஒளிமூடியைத் திறந்து, தேய்த்த கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் பிம்பத்தைக் கறுப்புத் துணியின் மறைவில் குவியப்படுத்த வேண்டும். பின்னர் ஒளிமூடியை மூடி, தாங்கியைச் செருகி, அதன் மறைப்புத் தகட்டை உருவ வேண்டும். ஒளிமூடியை மூடாமல் தகட்டை உருவினால் தாள் வீணாகும்.

எடுத்துக்காட்டு

தாள்கள் சிலவே இருப்பதால், ஒவ்வொரு படத்தையும் முன்கூட்டியே மனத்தில் காண்பது இம்முறையில் முதன்மையானது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்சு, 1927 ஏப்ரல் 10 அன்று 12 கண்ணாடித் தகடுகளுடன் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையைப் படமெடுக்கச் சென்றார். இறுதியில் இரண்டே எஞ்சின. ஒன்றை மஞ்சள் வடிகட்டியுடன் பயன்படுத்திய பின், வானம் கருமையாகப் பதியவேண்டும் என எண்ணி, கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பு வடிகட்டியைப் பொருத்தினார். அதுவே "மோனோலித்" எனும் புகழ்பெற்ற படமாகும்.