மூட்டைக்குக் குத்தூசி, வாகனத்துக்கு?

பருப்போ மல்லியோ, மூட்டையில் குத்தூசி போட்டுக் கையில் கொட்டிப் பார்க்காமல் நம்மில் எவரும் விலை பேசுவதில்லை. நூறு மூட்டை வந்தாலும் நாலு மூட்டையையாவது குத்திப் பார்ப்போம். அப்படிப்பட்ட நாமே, கடையின் ஒரு வருட இலாபத்துக்கும் மேலான பணத்தைக் கொட்டி ஜப்பானிலிருந்து ஒரு வான் இறக்கும்போது, தரகர் காட்டும் நாலு படங்களைப் பார்த்துத் தலையாட்டி விடுகிறோம். அடியேனும் அப்படித் தலையாட்டியவன்தான்.

2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. ஏறக்குறைய ஐந்து வருடம் பழைய லொறியையும் வானையும் ஒட்டுப்போட்டு ஓட்டிய அங்கத்தவர்கள் பலர், இப்போது "ஏலத்தில் எடுத்துத் தருகிறேன்" என்று வருபவர்களிடம் விலை கேட்கிறார்கள். முற்பணம் கொடுக்குமுன் அவர்கள் இதை ஒரு தடவை வாசிக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஏலம் நடக்கும் விதம்

ஜப்பானிலும் நம் நாட்டைப் போலவே வீதியின் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங் வலப்பக்கம். அங்கே புதிய காருக்கு மூன்று வருடத்திலும், அதன்பின் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையும் அரசாங்கப் பரிசோதனை உண்டு. 'ஷாகென்' என்று பெயர். அதற்கு ஆகும் செலவை நினைத்து, தவணை நெருங்கும்போதே வாகனத்தை மாற்றி விடுகிறவர்கள் ஏராளம். அப்படி வெளியே வருபவைதான் ஏலக்கூடங்களை நிறைக்கின்றன.

1980இல் தொடங்கிய யூ.எஸ்.எஸ். நிறுவனம் இத்துறையில் மிகப் பெரியது. டோக்கியோவுக்கு அருகே நோடா நகரில் உள்ள அதன் கூடத்தில் வியாழன்தோறும் ஏலம். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான வாகனங்கள் கைமாறும். ஒரு வாகனத்துக்கு அரை நிமிடம்கூட ஆகாது. அங்கத்துவம் பெற்ற வியாபாரிகள் மட்டுமே விலை கேட்க முடியும். ஆகவே நாம் எவ்வளவு பெரிய முதலாளியாக இருந்தாலும், அங்குள்ள ஏற்றுமதியாளரின் கண்ணால்தான் பார்க்கிறோம்.

நமது குத்தூசி

ஆனால் ஏலக்கூடத்தின் பரிசோதகர் ஒவ்வொரு வாகனத்தையும் பார்த்து ஒரு தாள் எழுதி வைக்கிறார். 'ஒக்ஷன் ஷீட்' எனப்படும் இந்த ஏலத் தாள்தான் நம் கையிலுள்ள குத்தூசி. ஜப்பானிய மொழியில் இருந்தாலும் முக்கியமான குறிகளை எவரும் படித்துக்கொள்ளலாம்.

தாளின் மேல் மூலையில் தரப் புள்ளி இருக்கும். 5, 4.5, 4 என்றால் நல்ல நிலை, 3.5, 3 என்றால் குறைகள் கூடுதல். அந்த இடத்தில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால், விபத்தில் அடிபட்டுச் சட்டகம் திருத்தப்பட்ட வாகனம் என்று பொருள். உட்புறத்துக்கு ஏ முதல் டி வரை தனித் தரம் உண்டு.

கீழே வாகனத்தின் படம் வரைந்து குறியிட்டிருப்பார்கள். ஏ என்றால் கீறல், யூ என்றால் நெளிவு, டபிள்யூ என்றால் தட்டி மையிட்ட இடம், எஸ் என்றால் துரு. இரட்டை எக்ஸ் போட்டிருந்தால் அந்தப் பகுதியே மாற்றப்பட்டது. கூடத்துக்குக் கூடம் சிறு வேறுபாடுகள் இருக்கலாம்.

வருடத்தில் ஒரு மயக்கம் வரும். ஜப்பானியர் தங்கள் சக்கரவர்த்தியின் ஆட்சிக் காலத்தைக் கொண்டு வருடம் எழுதுவார்கள். 'எச் 30' என்றால் 2018. 'ஆர் 4' என்றால் 2022. தரக் கட்டத்தில் வரும் ஆர் விபத்தைச் சொல்வது; வருடக் கட்டத்தில் வரும் ஆர் இப்போதைய 'ரெய்வா' காலத்தைச் சொல்வது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நான் ஏமாந்த கதை

2017இல் புறக்கோட்டையிலிருந்து வத்தளை, ஜா-எலப் பக்கக் கடைகளுக்குச் சாமான் போட ஒரு வான் எடுத்தேன். தரகர் தெரிந்தவர், பல வருடப் பழக்கம். கைபேசியில் ஒரு ஏலத் தாளைக் காட்டினார். தரம் 4, ஓடிய தூரம் 58,000 கிலோமீற்றர். வான் வந்தபோது மீற்றரிலும் அதே கணக்கு. மனம் நிறைந்து தேங்காய் உடைத்தேன்.

ஆறு மாதத்தில் கியர்பெட்டி போனது. இறக்கிப் பார்த்த கராஜ் பாஸ், அடிச்சட்டத்தில் ஒட்டுப்போட்ட இடத்தைக் காட்டி, "முதலாளி, இது நல்லா அடிபட்ட வாகனம்" என்றார். அதன்பின்தான் சசி இலக்கத்தைக் கொடுத்து, கட்டணம் செலுத்தி, உண்மையான ஏலத் தாளைத் தேடி எடுத்தேன். தரம் ஆர். தூரம் 141,000. எனக்குக் காட்டியது திருத்திய தாள்.

தரகரிடம் கேட்டேன். "அங்கே விட்ட பிழை, அண்ணை" என்றார். கையில் பிடித்துக் கேட்க என்னிடம் ஒரு எழுத்தும் இல்லை. திருத்தச் செலவும் விற்ற நட்டமுமாக ஆறு இலட்சம் ரூபாவுக்கு மேல் போயிற்று. பெருநாள் கால வியாபாரத்தில் வாடகை வானுக்குக் கொடுத்தது தனி. சசி இலக்கத்தைக் கொண்டு தாளைச் சரிபார்க்கும் கட்டணத்தை முதலிலேயே செலவழித்திருந்தால் இவ்வளவும் மிஞ்சியிருக்கும்.

எல்.சி. போதுமா?

"வங்கியில் எல்.சி. திறந்துதானே பணம் போகிறது, பயமென்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. பருப்பு இறக்குபவர்களுக்கு இது தெரியும்: எல்.சி.யில் வங்கி பார்ப்பது பத்திரங்களை மட்டுமே, பொருளை அல்ல. பத்திரங்கள் சரியாக இருந்தால் பணம் போய்விடும். ஆகவே எந்தெந்தப் பத்திரங்கள் வேண்டும் என்று நாமே எழுத வேண்டும். சசி இலக்கத்துடன் கூடிய ஏலத் தாளின் பிரதி, ஏற்றுமுன் செய்த பரிசோதனைச் சான்றிதழ், ஜப்பானியப் பதிவு நீக்கிய சான்றிதழ் ஆகிய மூன்றையும் எல்.சி. நிபந்தனையில் சேர்க்கச் சொல்லுங்கள். மறுக்கும் ஏற்றுமதியாளரை விட்டு விடுங்கள்.

இறங்கும் விலை

தரகர் சொல்லும் ஏல விலை ஆரம்பம் மட்டுமே. ஏலக்கூடக் கட்டணம், துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் கூலி, ஏற்றுமதியாளர் தரகு, கப்பல் கூலி, காப்புறுதி எல்லாம் அதன் மேல் ஏறும். பிறகு சுங்கத் தீர்வை, எஞ்சின் கொள்ளளவுக்கு ஏற்ற உற்பத்தி வரி, 2024 முதல் 18 வீதமாக உள்ள வற் வரி. வங்கிச் செலவும் பதிவுச் செலவும் பின்னால் வரும். நம் நாட்டில் வரியே வாகனத்தின் விலையை விழுங்கும் என்பது தெரிந்ததே. வரி விகிதமும் வயது எல்லையும் வர்த்தமானி அறிவித்தலால் மாறக்கூடியவை. தரகரின் வாயை நம்பாமல், சுங்க முகவரிடம் கணக்கை எழுத்தில் வாங்குங்கள்.

நாணய மாற்றையும் மறக்க வேண்டாம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 350 ரூபாவைத் தாண்டியதைக் கண்டவர்கள் நாம். கையிருப்பு முழுவதையும் வாகனத்தில் போட்டுவிட்டு, சரக்குக்குப் பணம் இல்லாமல் நிற்கக் கூடாது.

பழக்கத்துக்கு மரியாதை கொடுப்பது நம் வியாபார மரபு. அது நல்ல மரபு. ஆனால் எவ்வளவு பழகிய மண்டிக்காரரிடம் வாங்கினாலும் மூட்டையைக் குத்திப் பார்க்கத்தானே செய்கிறோம்? அவரும் அதைத் தவறாக நினைப்பதில்லை. அந்த வழக்கத்தை வாகனத்துக்கும் கொண்டுவந்தால், நான் கொடுத்த பணம் உங்கள் பெட்டியில் மிஞ்சும்.