இஞ்சின் நம்பர் எழுதாத ரயில் பிரியர்கள்

1942ஆம் ஆண்டில் லண்டனில் இயன் ஆலன் என்ற இளைஞர் ஒரு சின்னக் கையேட்டை அச்சடித்து விற்றார். சதர்ன் ரயில்வே அலுவலகத்தில் அவருக்கு வேலை. இஞ்சின்களைப் பற்றி விவரம் கேட்டு வரும் கடிதங்களுக்குப் பதில் போட்டுப் போட்டு, எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக்கிவிட்டால் என்ன என்று தோன்றியிருக்கிறது. புத்தகம் விற்றுத் தீர்ந்தது. அதன் பிறகு ஒரு தலைமுறை இங்கிலாந்துப் பையன்கள் பிளாட்பார முனையில் நோட்டும் பென்சிலுமாக நின்றார்கள். கடந்துபோகும் இஞ்சினின் நம்பரைக் குறித்துக்கொண்டு, கையேட்டில் அடிக்கோடு போட்டு வளர்ந்தார்கள்.

அதே 1942. ஜனவரி 7, இன்னும் விடியாத நேரம். மலாயாவில் ஜப்பானிய டாங்கிகள் துரோலாக்கில் காவலை உடைத்துக்கொண்டு, ரப்பர் மரங்கள் நிறைந்த கித்தாக் காடுகளுக்கு நடுவே போகும் சாலையில் சிலிம் ரிவரை நோக்கி வந்தன. பொழுது நன்றாக ஏறுவதற்குள் பதினோராவது இந்தியப் படைப்பிரிவு சிதறிப்போயிற்று. சாலை எதிரி கைக்குப் போய்விட்டதால், தப்பியவர்களில் பலர் ரயில் தண்டவாளத்தையே வழியாகப் பிடித்துத் தஞ்சோங் மாலிம் பக்கம் நடந்தார்கள். நான்கே நாளில், 11ஆம் தேதி, கோலாலம்பூர் விழுந்தது.

நான் பிறந்தது அதற்கெல்லாம் பிறகு. ஆனால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு நாங்கள் நடந்தது அந்தத் தண்டவாளத்தில்தான்.

தோட்டத்து லய வீடுகளிலிருந்து ஆற்றுக்குப் போக வேறு வழியும் இருந்தது. கித்தா நிரைகளுக்கு ஊடே போகும் செம்மண் பாதை அது. மழை பெய்தால் கால் புதையும், அட்டை ஏறும். தண்டவாளமோ மேடாக, நேராக, சுத்தமாக இருக்கும். போகக்கூடாது என்று பலகை இருந்தது. எங்களுக்கு அப்போது அதைப் படிக்கத் தெரியாது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

மீனுக்குப் போவது பெரும்பாலும் மழைநாளில். காலையில் மழை பிடித்துக்கொண்டால் மரம் ஈரமாகிவிடும், பால் வெட்டு கிடையாது. பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போன பெரியவர்கள் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள். அன்றைக்குச் சம்பளம் போனது என்று அம்மா முணுமுணுப்பார். பால் மங்கு துடைக்கக் கூடமாட வா என்று கூப்பிட ஆளில்லாத நாள் என்பதால் எங்களுக்கு மட்டும் கொண்டாட்டம். குடும்பத்துக்கு நஷ்டமான நாள் பிள்ளைகளுக்கு விடுமுறையாக இருந்தது என்பதை இப்போது எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தூண்டில் என்றால் தோட்டத்து ஓரத்தில் வெட்டிய மூங்கில். தங்கூஸ் நரம்பும் முள்ளும் சிலிம் ரிவர் அஞ்சடிக் கடைத்தெருவில் சீனர் கடையில் கிடைக்கும். தக்கைக்கு அறுந்துபோன சிலிப்பரில் ஒரு துண்டு. புழுவுக்கு அலைய வேண்டியதே இல்லை. லயத்துக்குப் பின்னால் குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தினால் பால் டின் நிறைந்துவிடும். கத்தியை மட்டும் ரயில் செய்து கொடுத்தது. நீளமான ஆணி ஒன்றைத் தண்டவாளத்தின் மேல் வைத்துவிட்டுச் சரிவில் போய்ப் படுத்துக்கொள்வோம். கூட்ஸ் வண்டி போன பிறகு தேடினால், தகடாக நசுங்கிச் சூடாகக் கிடக்கும். கல்லில் தீட்டினால் மீன் குடல் கீறப் போதும். இன்றைய பிள்ளைகள் இதை முயலவே கூடாது. முயலவும் முடியாது, காரணம் பின்னால் வருகிறது.

சிலிம் ஆறு பெரிய ஆறு அல்ல. மலையிலிருந்து இறங்கி, ஊரைத் தொட்டுக்கொண்டு போய் பெர்னாம் ஆற்றில் சேருகிறது. பெர்னாம் பேராக்குக்கும் சிலாங்கூருக்கும் எல்லை போடுகிற ஆறு. மேலே ஊலு சிலிம் பக்கம் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும். அங்கே வெந்நீர் ஊற்றும் உண்டு, கையை வைத்தால் தோல் உரிந்துவிடும். எங்கள் பக்கம் வரும்போது ஆறு பழுப்பு நிறமாகிவிடும். மழைக்குப் பிறகு கலங்கல் தண்ணீரில் கெளுத்தி நன்றாகக் கடிக்கும். அதன் முள் குத்தினால் கை விண்விண் என்று தெறிக்கும். வாய்க்கால் ஓரத்துப் புல்லில் பனையேறிக் கெண்டை செவுளை ஊன்றி நகர்ந்துபோவதைக் கையாலேயே பிடிக்கலாம். திலாப்பியா தாராளம். போர்க்காலத்தில் ஜப்பானியர் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன் அது. எங்கள் தாத்தா அதைக் கடைசிவரை வாயில் வைக்கவில்லை. ருசி பிடிக்காமல் அல்ல.

விராலுக்குத்தான் ரயில் பாலத்தடி. தூணைச் சுற்றிச் சுழல் போட்டு ஆழமாகி, செத்தையும் கிளையும் அடைந்து நிழலாக இருக்கும். வண்டி பாலத்தில் ஏறினால் தூண் அதிரும், தண்ணீர் மேல் சின்னச் சின்ன வளையங்கள் எழும். அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்துக்கு எதுவும் கடிக்காது. ஆகவே எந்த வண்டி எப்போது வரும் என்பது விரால் பிடிக்கிறவன் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம். நாங்கள் ரயில் பார்க்கப் பழகியது இப்படித்தான். முதலில் அது மீன் விவகாரம்.

அறுபதுகளில் எங்கள் தண்டவாளத்தில் இரண்டு காலமும் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. 1957இல் இங்கிலாந்திலிருந்து வந்த டீசல் இஞ்சின்கள் மெயில் வண்டிகளை எடுத்துக்கொண்டன. நீராவி இஞ்சின்களும் கூட்ஸ், பாசஞ்சர் என்று ஓடின. அவற்றில் பேர்போனது 56ஆம் வகுப்பு. கிளாஸ்கோவில் நார்த் பிரிட்டிஷ் கம்பெனி செய்தது. முன்னால் நாலு சின்னச் சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு. மூன்று சிலிண்டர் என்பதால் அதன் மூச்சுக்குத் தனித் தாளம். முதலில் நிலக்கரி தின்றது. ரவாங்குக்குப் பக்கத்தில் பத்து ஆராங் சுரங்கம்தான் வெகுகாலம் இந்நாட்டு ரயிலுக்குக் கரி கொடுத்தது. ஐம்பதுகளில் இந்த இஞ்சின்களை எண்ணெய்க்கு மாற்றினார்கள். 1960இல் சுரங்கமும் மூடிற்று. ஆகவே என் தலைமுறை பார்த்தது கரிப்புகை அல்ல, எண்ணெய்ப் புகை. தலையில் படிந்தால் சீயக்காய்க்கும் மசியாது.

இஞ்சினின் நம்பர் 564.36 என்ற மாதிரி இருக்கும். அந்த 564.36க்கு 'தெமர்லோ' என்று பெயரும் உண்டு. மலாயாவின் ஊர்ப் பெயர்களை இஞ்சினுக்கு வைப்பது வழக்கம். நீராவி ஓய்ந்த பிறகும், 1985இல் ரயில்வே நூற்றாண்டு கொண்டாடியபோது தெமர்லோவைக் கொளுத்தி ஓட்டினார்கள். இதையெல்லாம் நான் வளர்ந்த பிறகு வெள்ளைக்காரர்கள் எழுதிய புத்தகங்களில் படித்துத் தெரிந்துகொண்டேன். பையனாக இருந்தபோது எங்களில் யாரும் ஒரு நம்பரைக்கூட எழுதி வைத்ததில்லை. 'கறுப்பன் வரான்', 'டீசல் வரான்', அவ்வளவுதான்.

இங்கேதான் எனக்கு ஒரு மனத்தாங்கல். மலாயா நீராவி ரயிலைப் பற்றி இன்று கிடைக்கிற படங்களிலும் குறிப்புகளிலும் பெரும்பகுதி, இங்கே பட்டாளத்துக்கும் உத்தியோகத்துக்கும் வந்த ஆங்கிலேயர் எடுத்தவை. இயன் ஆலன் கையேட்டோடு வளர்ந்த பையன்கள் அவர்கள், குறிக்கும் பழக்கம் கைக்கு வந்துவிட்டது. குறை சொல்லவில்லை, அவர்கள் எழுதி வைத்ததால்தான் எனக்கே தெரிந்தது. ஆனால் அந்தப் படங்களில் இஞ்சினுக்குப் பக்கத்தில் கடப்பாரையோடு ஒதுங்கி நிற்கிற ஆள் யார் என்று எந்தக் குறிப்பிலும் இராது.

எங்களுக்குத் தெரியும். அவர் யாருடைய மாமாவாகவோ இருப்பார். இந்நாட்டின் முதல் ரயில் பேராக்கில்தான் ஓடிற்று, 1885 ஜூன் 1ஆம் தேதி, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு. அதைப் போட வந்தது இலங்கையிலிருந்து தருவித்த பயனியர் படை. பிறகு ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி வேலைகளில் யாழ்ப்பாணத்தார் அமர்ந்தார்கள். தண்டவாளம் போடவும் காக்கவும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ரயில்வே லயங்களில் குடியேறினார்கள். காடு அப்போது எவ்வளவு நெருக்கம் என்பதற்குத் தெலுக் இந்தானில் ஒரு சாட்சி உண்டு. 1894 செப்டம்பர் 17ஆம் தேதி, தன் கூட்டத்தைக் காக்க ரயிலை முட்டித் தடம்புரளச் செய்து செத்துப்போன ஒரு காட்டு யானைக்கு அங்கே நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள். யானைக்கு வைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். அந்தத் தண்டவாளத்தைப் போட்டுக் காய்ச்சலில் போனவர்களுக்கும் ஒன்று வைத்திருக்கலாம்.

தாத்தா திலாப்பியாவைத் தொடாத கதைக்கு வருகிறேன். ஜப்பானியர் காலத்தில் தோட்டங்களிலிருந்து ஆண்களைக் கூட்ஸ் வண்டியில் அடைத்து வடக்கே கொண்டுபோனார்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் ரயில் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. போன தமிழர்கள் பல்லாயிரம் பேர், திரும்பாதவர்களும் அதில் மிகப் பலர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலைப் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தாத்தாவின் தம்பி போனவர்களில் ஒருவர். ஆகவே கூட்ஸ் வண்டி பாலத்தில் ஏறும்போது நாங்கள் கையசைத்துக் கத்துவோம், தாத்தா எழுந்து உள்ளே போய்விடுவார். அதே பெட்டிகளை நாங்கள் வேறு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் கண்ணும் ஒரு நாள் மாறிற்று. 1969ஐ ஒட்டி வேலை அனுமதி கட்டாயமானபோது, பிரஜாவுரிமை இல்லாத சிவப்பு ஐசிக்காரர்கள் (சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள்) ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பினார்கள். பினாங்கில் ரஜூலா கப்பல், அங்கிருந்து நாகப்பட்டினம், மதராஸ். அந்தக் கப்பலும் 1926இல் கிளாஸ்கோவில் கட்டியதுதான். எங்கள் ஆட்களை ஏற்றி இறக்கியதில் அந்த ஊர் கைக்குப் பெரும் பங்கு. சிலிம் ரிவர் பிளாட்பாரத்தில் தகரப்பெட்டியும் மூட்டையுமாக நின்ற குடும்பங்களில் என் தூண்டில் கூட்டாளியின் குடும்பமும் ஒன்று. அவன் தன் மூங்கிலை என்னிடம் கொடுத்துவிட்டு, "டேய், பாலத்தடியில என் முள்ளு ஒண்ணு மாட்டிக்கிட்டிருக்கு, எடுத்துக்கோ" என்றான். பதினான்கு வயதில் சொத்துப் பிரிவினை அப்படித்தான் நடக்கும்.

அதற்குச் சில ஆண்டுகளில் நீராவி இஞ்சின்கள் போய்விட்டன. மீனும் குறைந்தது. களைக்கு அடித்த ஆர்செனிக் மருந்து, ரப்பர் ஆலையிலிருந்து ஓடிவரும் புளித்த கழிவு, பிறகு செம்பனை ஆலைக் கழிவு எல்லாம் வாய்க்காலில்தான் இறங்கும். சில நாள் காலையில் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கும். சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974இல் வந்தது. செம்பனை ஆலைகளுக்கான விதிகள் 1977இல், ரப்பருக்கு 1978இல். அதற்குள் நாங்கள் தோட்டத்தை விட்டுக் கிளம்பிவிட்டிருந்தோம்.

இப்போது சிலிம் ரிவருக்குப் போக ஈடிஎஸ் இருக்கிறது. மின்சார ரயில், குளிர்சாதனம், ஜன்னல் திறக்காது. 2010 ஆகஸ்டில் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே தொடங்கிற்று. இரட்டைத் தண்டவாளம் போட்டு, இருபுறமும் நெடுக வேலி அடைத்திருக்கிறார்கள். ஆணி வைக்கவும் முடியாது, பாலத்தடிக்கு இறங்கவும் முடியாது. நல்லதுதான், மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டிக்கு முன்னால் பிள்ளைகள் நடமாடக்கூடாது. மீன் பிடிக்க ஆசை வந்தவர்கள் காசு கட்டிப் பிடிக்கிற குளத்துக்குப் போகிறார்கள்.

சென்ற முறை போனபோது, ரயில்வே கேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரைப் பார்த்தேன். சின்ன வயதில் எங்களைப் பாலத்திலிருந்து விரட்டியவர்களில் அவரும் ஒருவர். 56ஆம் வகுப்பு இஞ்சின்களின் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, எதெல்லாம் இந்த வழியாக ஓடிற்று, ஞாபகம் இருக்கிறதா ஐயா என்று கேட்டேன்.

"நம்பரெல்லாம் கிராணி எழுதுவாரு தம்பி. எனக்கென்னா தெரியும்?" என்றார். பிறகு அவராகவே ஆரம்பித்தார். துரோலாக் பக்கத்து வளைவில் எந்த மைல்கல்லுக்கு அருகே மழைக்காலத்தில் ஊற்றெடுத்து ஜல்லி இறங்கும், எந்த மதகுக்கடியில் மலைப்பாம்பு கிடக்கும், எந்தச் சீசனில் போட்ட கெம்பாஸ் மரக்கட்டை சீக்கிரம் உளுத்தது, இஞ்சின் எந்த இடத்தில் தள்ளாடினால் எந்த ஆணி தளர்ந்திருக்கிறது என்று பொருள். தண்டவாளத்தை அவர் காலால் படித்திருந்தார். நான் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். பாதி பக்கம் நிரம்புவதற்குள் அவர் பேச்சை மாற்றிவிட்டார். வீட்டுக்காரம்மாவுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறதாம், புண் ஆற விரால் சூப் வைக்க வேண்டுமாம், மார்க்கெட்டில் கிடைப்பது எல்லாம் வளர்ப்பு விராலாம்.

"ஆத்து விரால் புடிக்கிற ஆளு யாராச்சும் இருந்தா சொல்லு," என்றார். "நீங்கதான் அப்ப சொன்னா கேக்காம அங்கயே கெடந்தீங்களே."