இடிபாடுகளும் கற்பனையும்

அம்பாறை மாவட்டத்திலே, இறக்காமக் குளத்தை அடுத்து அமைந்த வேளாண்மைக் கிராமம் வரிப்பத்தான்சேனை. அவ்வூர் வயல்களுக்கு அப்பால், அதிக தொலைவிலன்றி, தீகவாபி என்னும் பழம்பெரும் பௌத்த தூபி உள்ளது. நெடுங்காலம் அது செங்கற் குன்றாகவே காட்சியளித்தது.

தீகவாபி என்றால் 'நீண்ட குளம்' என்பது பொருள். இறக்காமக் குளக்கட்டிலே நிற்கும் ஒருவன் இதனைக் கேட்டவுடன், "அந்த நீண்ட குளம் இதுவேதான்" என்று கூறிவிடலாம். கூற்றிலே அழகுண்டு, சான்றோ இல்லை. பெயர் பொருந்துவதுபோல் தோன்றுவது வினாவின் தொடக்கமேயன்றி விடையன்று.

சான்று என்பது யாது? கி.மு. 2ஆம் நூற்றாண்டில் சத்தாதிஸ்ஸ மன்னன் அத்தூபியைக் கட்டுவித்தான் என்கிறது மகாவம்சம். 1986இல் அங்கு கிடைத்த பொற்றகட்டுச் சாசனமோ, கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கனிட்டதிஸ்ஸ மன்னனின் பெயரைத் தாங்கியிருந்தது. தூபியோடு ஓர் அரசனுக்கிருந்த தொடர்பை அது உறுதிப்படுத்திற்று. ஆனால் செங்கல் சுமந்தவர் யார், அவர்தம் இல்லங்களில் வழங்கிய மொழி யாது என்பனவற்றை அது சொல்லவில்லை. அந்த இடைவெளியிலேதான் கற்பனை குடிபுகுகின்றது.

கடலில் விடப்பட்ட களனி இளவரசி விகாரமகாதேவி கரையேறிய கதையை நேயர்கள் அறிவர். அவள் கரையேறியது பொத்துவில் முகுது மகா விகாரையருகே என்பர் சிலர். தென்கரையிலுள்ள கிரிந்தையிலே என்பர் வேறு சிலர். கதை ஒன்று; கரைகளோ இரண்டு.

கற்பனை பயனற்றதென்று இதனால் கொள்ளலாகாது. ஓமரின் காவியத்தை நம்பியே செருமானியரான சிலிமான் துரோய் நகரை அகழ்ந்தார். 1873இல் அங்கு கண்ட அணிகலன்களைப் பிரியம் மன்னனின் புதையல் என அறிவித்தார். அவையோ துரோயப் போர் நிகழ்ந்ததாகக் கருதப்படும் காலத்துக்கு ஓராயிரம் ஆண்டுகள் முற்பட்டவை எனப் பின்னர் தெளிவாயிற்று. அவரை அவ்விடத்துக்கு இட்டுச் சென்றதும் கற்பனை; அங்கே வழிதவறச் செய்ததும் கற்பனை.

இந்நாட்டிலே இது வெறும் ஏட்டுப் பிரச்சினையன்று. 2016 ஒக்டோபரில் இறக்காமப் பிரதேசத்து மாயக்கல்லி மலையிலே புத்தர் சிலை வைக்கப்பட்டபோது, தொன்மை பற்றிய பேச்சும் காணியுரிமை பற்றிய அச்சமும் ஒன்றாய்ப் பிணைந்து பெருஞ் சர்ச்சை மூண்டது. பழங்கல்லைக் கண்டவுடன் "இது எம்முடையது" என்பதும், "இங்கே ஒன்றுமே இருந்ததில்லை" என்பதும் ஆராயாத ஊகத்தின் இரு முகங்களேயாம்.

எனவே, வயலிலே பழஞ்செங்கல்லோ தூணோ தென்பட்டால் அதனைப் பெயர்க்காது விடுவதே முதற் கடமை. அது கிடக்கும் மண்ணடுக்கே அதன் காலத்தைச் சொல்லும். இடம் மாறிய கல் ஊமையாகிவிடும். ஊமைக் கல்லைப் பற்றி எவரும் எதையும் சொல்லலாம். மறுப்பதற்கு அதனிடம் சான்று இராது.