பெயர்களைக் காக்கும் அடையாளச் சீட்டு

ரேணிகுண்டாவுக்கும் காளத்திக்கும் இடையே உள்ள ஊர் ஏர்பேடு. திருப்பதி இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இங்குதான் அமைந்துள்ளது. அக்கழகத்தின் இணையதளத்தைக் காண விரும்பும் மாணவர், அதன் பெயரைக் கணினியில் தட்டச்சு செய்கிறார். கணினிகளோ ஒன்றையொன்று எண் முகவரியால் அறிபவை. பெயரைக் கேட்டு எண்ணைக் கூறும் ஏற்பாடே டி.என்.எஸ். எனப்படும் களப்பெயர் முறைமை ஆகும். இது 1983ஆம் ஆண்டு உருவாயிற்று.

இம்முறைமையில் கேள்வியும் விடையும் பெரும்பாலும் அஞ்சலட்டை போலத் திறந்தே செல்கின்றன. அனுப்புநர் முகவரியைப் பொய்யாக எழுதவும் இயலும். ஒருவர் பிறர் முகவரியை இட்டுப் பல்லாயிரம் கேள்விகளை அனுப்பினால், கேளாதவரிடம் விடைகள் வெள்ளமெனக் குவியும். பொய்யான விடையை முந்தி அனுப்பி, வங்கியின் தளத்தைத் தேடுபவரைப் போலித் தளத்துக்கு இழுக்கவும் கூடும். கேள்வியோடு செல்லும் அடையாள எண் 65,536 எண்களுள் ஒன்றே. அதனை ஊகிப்பது அரிதன்று. 2008ஆம் ஆண்டு டான் காமின்ஸ்கி இந்த ஆபத்தை உலகறியச் செய்தார்.

இதற்கு முன்மொழியப்பட்ட தீர்வுகளுள் ஒன்று டி.என்.எஸ். குக்கி. கேட்கும் கணினி 8 பைட்டு அளவுள்ள குறியீடு ஒன்றை அனுப்பும். சேவையகம் அதனைத் திருப்பித் தருவதோடு, தன் இரகசிய எண்ணைக் கொண்டு கணக்கிட்ட மற்றொரு குறியீட்டையும் சேர்த்து அனுப்பும். அடுத்த முறை இரண்டும் வந்தால், கேட்பது அம்முகவரிக்கு உரிய கணினியே எனச் சேவையகம் அறியும். தன் குறியீடு இல்லாத விடையைக் கேட்ட கணினியும் ஒதுக்கிவிடலாம். எனினும், வழியில் நின்று செய்தியைப் படிக்க வல்லவரை இச்சீட்டு தடுக்காது.

இத்தகைய திட்டம் ஒருவருடைய ஆணையால் தரநிலை ஆவதில்லை. இணையப் பொறியியல் பணிக்குழு, வரைவை அனைவரும் படிக்குமாறு வெளியிடுகிறது. கருத்து அனுப்பக் கட்டணம் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. குறைகள் ஆராயப்பட்டுப் பொது இணக்கம் ஏற்பட்ட பின்னரே வரைவு ஏற்கப்படும். அவ்வாறு 2016 மே மாதம் வெளிவந்ததே ஆர்.எஃப்.சி. 7873. அப்பெயரின் பொருள் 'கருத்துகளுக்கான வேண்டுகோள்' என்பதாகும்.

வெளிவந்த பின்னும் ஆய்வு ஓயவில்லை. ஒரே முகவரியில் பல சேவையகங்கள் பணியாற்றுவதுண்டு. அவற்றின் மென்பொருள்கள் வேறுபட்டால், ஒன்று தந்த சீட்டை மற்றொன்று ஏற்க இயலாமற் போயிற்று. சேவையகம் குறியீட்டைக் கணக்கிடும் முறையை முதல் தரநிலை கட்டாயமாக வரையறுக்காததே காரணம். 2021 ஏப்ரல் மாதம் வெளியான ஆர்.எஃப்.சி. 9018 அனைவருக்கும் பொதுவான முறையை வகுத்தது.

ஏர்பேட்டில் பயிலும் மாணவரும் ஒரு வரைவைப் படித்து, "இவ்விடத்தில் பிழை நேரும்" எனக் காரணத்துடன் எழுதலாம். அங்கே ஆராயப்படுவது எழுதியவரின் பதவி அன்று. அவர் காட்டிய காரணமே.

சிந்தித்து எழுதுக:
1. களப்பெயர் முறைமையில் பொய் முகவரியால் விளையும் தீங்கு யாது?
2. 2016ஆம் ஆண்டின் தரநிலையில் காணப்பட்ட குறை எவ்வாறு நீக்கப்பட்டது?