மலை வீடும் காலை வெயிலும்

கோலாலம்பூரில் வீடு கட்டுவோர் வெயிலைத் தடுக்க வழி தேடுவர். தானா ராத்தாவில் கட்டுவோரோ அதனை வரவேற்க வேண்டும். கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது இவ்வூர். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் சுமார் 6 பாகை குறையும்.

வெயிலை எத்திசையில் வரவேற்பது? ஐரோப்பியக் கட்டட நூல்கள் தெற்குச் சன்னலைப் புகழும். அவ்விதி இங்குப் பொருந்தாது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நான்கரைப் பாகையில் உள்ள இவ்வூரில், நண்பகல் ஞாயிறு ஆண்டில் ஏறத்தாழ ஐந்து மாதம் வடக்கிலும், எஞ்சிய மாதங்களில் தெற்கிலும் சற்றே சாய்ந்து, கூரையின் மீதே காய்கிறது. சன்னல் வழியே அறைக்குள் நெடுந்தூரம் நுழைவன காலை, மாலைக் கதிர்களே. மாலையிலோ மலையில் மேகமும் மழையும் மிகுதி. ஆகவே கிழக்குச் சன்னலே சிறந்தது. முதியோரும் குழந்தைகளும் புழங்கும் அறை அப்பக்கம் அமைதல் நலம்.

கண்ணாடி ஒளியை உள்ளே விடும். சூடேறிய தரை உமிழும் வெப்பக் கதிர்களை வெளியே விடாது. சிமெந்துத் தரையும் செங்கற் சுவரும் காலையில் பெற்ற வெப்பத்தை மெல்ல விடுவிக்கும். தோட்டத்து லயங்களில் காணும் தகரக் கூரையோ இரவில் விரைந்து குளிர்ந்துவிடும். அதன்கீழ்ப் பலகையால் உட்கூரை அமைத்தால் குளிர் தணியும்.

குளிருக்கு அஞ்சி வீட்டை நாள் முழுதும் அடைத்து வைத்தலும் தவறு. மூச்சும் சமையலும் விடும் ஈரம் சுவரில் படிந்து பூஞ்சணம் பூக்கும்; அது இருமலை வளர்க்கும். வெயிலுள்ள நண்பகலில் எதிரெதிர்ச் சன்னல்களைச் சிறிது நேரம் திறந்து வைத்தால் ஈரம் அகலும். சுவரின் சூடு எஞ்சும். வெயிலுக்கு விலையில்லை, அது வரும் வழியை அறிந்து கட்டுவதே அறிவு.